டென்மார்க், ஸ்வீடன் ராஜ குடும்பம், பிரபு குடும்பம் தேடப் போறீங்களா? நான் எட்டு மாசம் சுத்தின வழி, நீங்க சுத்தாம இருக்க

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைப் பாத்துட்டு பஸ்ல திரும்பி வரும்போது ஆரம்பிச்சது இது. 1620ல தஞ்சாவூர் நாயக்கர்கிட்ட பேசி அந்த இடத்தை வாங்கின ஓவே கெட்டெங்கற ஆள் யாரு, எந்தக் குடும்பம், அவரை அனுப்பின ராஜா நாலாம் கிறிஸ்டியனுக்கு அவர் சொந்தமா இல்ல வெறும் வேலைக்காரரா, இவ்ளோதான் கேள்வி. ராத்திரி சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் தேடுனா தெரிஞ்சுடும்னு உக்காந்தேன். எட்டு மாசம் ஆச்சு, நடுவுல ஒரு விசா, ரெண்டு கரன்சி, வேண்டாத ஒரு சந்தா, டெலீட் பண்ண முந்நூத்திச் சொச்சம் பேரு.

அதனால இதுல வரலாறு சொல்லப் போறதில்ல, அதுக்கு எத்தனையோ இடம் இருக்கு. எந்தப் பேப்பர் எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும், எங்க வழுக்கும், அது மட்டும்தான். 7வது ஸ்டெப் வரைக்கும் வீட்ல இருந்தே பண்ணலாம், காசு கிட்டத்தட்ட பூஜ்யம்.

1. ஒரு ஆளைப் பிடிங்க, வம்சத்தைப் பிடிக்காதீங்க

எடுத்தவுடனே ஓல்டன்பர்க் வம்சம் முழுசா எழுதிடறேன்னு உக்காராதீங்க. அது 1448ல இருந்து 1863 வரைக்கும் டென்மார்க்கை ஆண்ட குடும்பம், கிளைக்குள்ள கிளை, இன்னிக்கு இருக்கற க்ளூக்ஸ்போர்க் ராஜ குடும்பமே அதுல ஒரு கிளைதான். உள்ள போனா வெளிய வர மாட்டீங்க.

ஒரு ஆள். அவரோட அப்பா அம்மா, தாத்தா பாட்டி நாலு பேர், கூடப் பொறந்தவங்க. அதோட நிறுத்துங்க. இந்தப் பத்துப் பதினஞ்சு பேருக்கும் பேப்பர் கையில வந்த அப்புறம்தான் அடுத்த தலைமுறை.

எழுதி வெக்க கிராம்ப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், லேப்டாப்லயே ஓடும். அதுலயோ நோட்லயோ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல 'இதை எங்க பாத்தேன், எந்தப் பக்கம், என்னிக்குப் பாத்தேன்'னு எழுதுங்க. நான் எழுதல. ஆன்லைன்ல யாரோ போட்டிருந்த குடும்ப மரத்தை அப்படியே இறக்கிக்கிட்டேன், மூணு மாசம் கழிச்சு அதுல ஒரு பொண்ணு அவங்க அம்மாவுக்கு முன்னாடியே பொறந்திருக்கறதைப் பாத்து மொத்தத்தையும் அழிச்சேன்.

2. அவர் எந்த நாட்டுப் புக்குல இருப்பாருன்னு முடிவு பண்ணுங்க

இது ஈஸி மாதிரி தெரியும், ஆனா இங்கதான் எனக்கு ஒரு மாசம் போச்சு. ஓவே கெட்டெ 1594ல பொறந்தது டொம்மெரூப்னு ஒரு இடம். மேப்ல தேடுனா ஸ்வீடன்ல காட்டுது. சரி ஸ்வீடிஷ்காரர்னு நினைச்சு ஸ்வீடன் புக்கை எல்லாம் புரட்டுறேன், ஆளைக் காணோம். அந்த ஸ்கோனெ பகுதி 1658 வரைக்கும் டென்மார்க்கோடது, ரோஸ்கில்ட உடன்படிக்கையில கை மாறினது. மனுஷன் இருக்கற இடம் டேனிஷ் புக்கு. ஆக, இன்னிக்கு மேப்பைப் பாக்காதீங்க, அவர் உயிரோட இருந்த வருஷத்துல அந்த ஊர் யாரு கையில இருந்ததுன்னு பாருங்க.

நாடு நாடா சொல்லிடறேன்:

ஸ்வீடன்: இங்க பிரபு குடும்பம்னா ஸ்டாக்ஹோம்ல இருக்கற ரிட்டார்ஹூஸெட், அதாவது பிரபுக்கள் மாளிகையில பதிவு ஆகியிருக்கணும், 1626ல போட்ட விதிப்படி. பதிவான ஒவ்வொரு குடும்பத்துக்கும் நம்பர் உண்டு, நம்ம ரேஷன் கார்டு மாதிரி நினைச்சுக்கோங்க. கவுன்ட், அதாவது மேல்மட்ட பிரபுப் பட்டம், அந்த வரிசையில 1வது நம்பர் ப்ராஹே குடும்பம், அது 1930ல ஆண் வாரிசு இல்லாம முடிஞ்சுபோச்சு. இதுல ட்ராப் என்னன்னா ஒரே குடும்பத்துக்கு சாதா பிரபு, பாரன், கவுன்ட்னு மேல ஏற ஏற தனித்தனி நம்பர் குடுப்பாங்க, நம்பர் வேறன்னா குடும்பம் வேறன்னு நினைச்சுடாதீங்க. இன்னொண்ணு, 1809 அரசியல் சட்டத்துக்கு அப்புறம் பட்டம் வாங்கினவங்க வீட்ல குடும்பத் தலைவருக்கு மட்டும்தான் பட்டம், தம்பி தங்கைக்கெல்லாம் கிடையாது.

டென்மார்க்: இங்க நம்பர் கிடையாது. பதிலா 1884ல இருந்து வர்ற பிரபுக் குடும்ப ஆண்டு மலர் இருக்கு, டான்மார்க்ஸ் ஆடெல்ஸ் ஆர்போக். குடும்பம் குடும்பமா மரம் போட்டிருப்பாங்க. கவுன்ட், பாரன் பட்டமே டென்மார்க்ல 1671லதான் முறைப்படி வந்துச்சு, அதனால 1600ல 'டேனிஷ் கவுன்ட்'னு எவனாவது போட்டிருந்தா உடனே சந்தேகப்படுங்க. ஒண்ணு வெளிநாட்டுல வாங்கின பட்டமா இருக்கும், இல்ல ராஜாவே தன் வீட்டுக்காரங்களுக்குன்னு தனியா குடுத்ததா இருக்கும், அதுவும் இல்லன்னா புருடா.

நார்வே: 1821ல பிரபு அந்தஸ்தையே சட்டம் போட்டு எடுத்துட்டாங்க, இருக்கறவங்க சாகற வரைக்கும் வெச்சுக்கலாம்னு. அதனால அதுக்கு அப்புறம் 'நார்வே பிரபு'ன்னு வர்றதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை செக் பண்ணுங்க. தரங்கம்பாடில 1788ல இருந்து 1806 வரைக்கும் கவர்னரா இருந்த பேட்டர் ஆங்கர் நார்வேக்காரர், ஆனா அந்தக் காலத்துல டென்மார்க், நார்வே ரெண்டுக்கும் ஒரே ராஜா, அதனால இவருக்கு கோபன்ஹேகன்லயும் தேடணும் ஆஸ்லோலயும் தேடணும்.

பின்லாந்து: 1809 வரைக்கும் ஸ்வீடன்ல பாருங்க, அப்புறம் ஹெல்சின்கில 1818ல ஆரம்பிச்ச அவங்க தனி பிரபுக்கள் மாளிகை.

3. காசு குடுக்கறதுக்கு முன்னாடி இலவசம் எல்லாத்தையும் முடிங்க

நான் பண்ணின முட்டாள்தனத்துல காஸ்ட்லியானது இது. முதல் வாரமே ஒரு பெரிய தனியார் வம்சாவளித் தளத்துல 14 நாள் ட்ரையல் எடுத்தேன், கார்டு நம்பர் கேட்டாங்க குடுத்தேன், கேன்சல் பண்ண மறந்தேன், ஒரு வருஷத்துக்கும் சேர்த்து எடுத்துட்டாங்க. அதுல எனக்குப் பயன்பட்டது ஒண்ணுமில்ல. இந்த நாடுகள்ல முக்கியமான பேப்பர் எல்லாம் அரசாங்கமே சும்மா போட்டு வெச்சிருக்கு.

டேனிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதி ஆன்லைன்ல இலவசம். ஒரு ஆளைப் பத்தின கட்டுரையில அப்பா அம்மா, கல்யாணம், புதைச்ச இடம்னு தனியா ஒரு பத்தி இருக்கும், உங்க வேலை அங்கதான் ஆரம்பிக்கணும். ஸ்வீடனுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, தேசிய ஆவணக் காப்பகத் தளத்துல. அது அகர வரிசைப்படி எழுதிக்கிட்டே வர்ற வேலை, இன்னும் முடியல, அதனால கடைசி எழுத்துக்கள்ல ஆரம்பிக்கற பேரைத் தேடி கிடைக்கலன்னா அப்படி ஒரு ஆளே இல்லன்னு அர்த்தம் இல்ல, இன்னும் அந்த எழுத்துக்கு வரலன்னு அர்த்தம்.

ஸ்வீடிஷ் பிரபுக்களுக்கு எல்கென்ஷார்னாங்கறவர் தொகுத்த ஒம்பது தொகுதி, 1925ல இருந்து 1936 வரைக்கும் வந்தது. ஒவ்வொரு குடும்பமும் 'டேபிள் 1, டேபிள் 2'ன்னு பிரிச்சிருக்கும், ஒரு பையன் பேருக்குப் பக்கத்துல 'டேபிள் 5 பார்க்க'ன்னு இருந்தா அவனுக்கு வாரிசு இருக்கு, அங்க போகணும். ஒண்ணும் போடலன்னா அந்தக் கிளை அதோட நின்னுச்சு.

ரூனெபெர்க்னு ஒரு தன்னார்வலர் திட்டம் 1992ல இருந்து நடக்குது, காப்பிரைட் முடிஞ்ச பழைய புக்கையெல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. டேனிஷ் ஆண்டு மலரோட பழைய தொகுதிகளும் பிடிஎஃப்பா நிறைய கிடைக்கும், காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி தேடுங்க.

சர்ச் பதிவேடுன்னா டென்மார்க்ல ஆர்கிவாலியர் ஆன்லைன், நார்வேல டிஜிட்டால்ஆர்கிவெட், ஸ்வீடன்ல 2018ல இருந்து தேசிய காப்பகமே இலவசமா திறந்து விட்டுடுச்சு.

ஒரு சின்ன விஷயம். டென்மார்க் காப்பகம் பேரும் ஸ்வீடன் காப்பகம் பேரும் கேக்கறதுக்கு ஒண்ணுதான், ரிக்ஸ்ஆர்கிவெட், நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம். நான் டேனிஷ் பேப்பரைக் கேட்டு ஸ்டாக்ஹோமுக்கு மெயில் போட்டேன். மரியாதையா பதில் வந்துச்சு, வெக்கமாதான் இருந்துச்சு.

4. பேர், நம்பர், அகர வரிசை

பேரை நம்பாதீங்க. டேனிஷ் பிரபுக்கள்ல நிறைய பேருக்கு நிரந்தர குடும்பப் பேரே கிடையாது, 1526ல முதலாம் ஃபிரெடெரிக் ராஜா எல்லாரும் ஒரு பேரை வெச்சுக்கணும்னு சொன்ன அப்புறம்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஊர் மாதிரி அப்பா பேர்தான் அடையாளம். ஸ்வீடன்ல குஸ்தாவ் வாசான்னு நாம சொல்ற ராஜா அவர் காலத்துல குஸ்தாவ் எரிக்சன்தான், வாசாங்கறது பின்னாடி ஒட்டின லேபிள்.

பொண்ணுங்க பேர்ல இன்னும் மாட்டுவீங்க, பிரபு வீட்டுப் பொண்ணுங்க கல்யாணத்துக்கு அப்புறமும் பொறந்த வீட்டுப் பேரைத்தான் வெச்சிருந்தாங்க. எல்லென் மார்ஸ்வின், அவங்க பொண்ணு கிர்ஸ்டென் முங்க், அவங்க பொண்ணு லியோனோரா கிறிஸ்டினா. நாலாம் கிறிஸ்டியனோட மாமியார், பொண்டாட்டி, மக. மூணு தலைமுறை, ஒரு குடும்பப் பேர்கூட ஒத்துப்போகாது, மகளை நிறைய இடத்துல புருஷன் வீட்டுப் பேரான உல்ஃபெல்ட்னும் எழுதியிருப்பாங்க. குடும்பப் பேரை மட்டும் வெச்சு தேடுனா இந்த மூணு பேரும் சொந்தம்னே தெரியாது.

அதே சமயம் பேர் ஒண்ணா இருந்தா சொந்தம்னும் நினைக்காதீங்க. வானியல் அறிஞர் டைகோ ப்ராஹே டேனிஷ் குடும்பம், மேல சொன்ன ஸ்வீடிஷ் கவுன்ட் ப்ராஹே அப்பா வழியில வேற குடும்பம். இதை ஒட்ட வெச்சு ஆன்லைன்ல எத்தனை மரம் இருக்குன்னு எண்ணி மாளாது.

ராஜாக்களோட நம்பர் இன்னொரு தலைவலி. டென்மார்க்ல 1513ல இருந்து கிறிஸ்டியன், ஃபிரெடெரிக், கிறிஸ்டியன், ஃபிரெடெரிக்னு மாறி மாறி வரும், 1972 வரைக்கும் மாறல. 'ஃபிரெடெரிக் ராஜா'ன்னு மட்டும் ஒரு பேப்பர்ல இருந்தா வருஷம் தெரியாம யாருன்னு சொல்ல முடியாது. ஸ்வீடன்ல 14ம் எரிக், 9ம் கார்ல்னு இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி 13 எரிக்கைத் தேடாதீங்க. 1554ல அச்சான ஒரு வரலாற்றுப் புக்குல யோஹான்னஸ் மாக்னஸ் கற்பனை ராஜாக்களையும் சேர்த்து எண்ணினதால வந்த நம்பர் அது. நான் முதலாம் கார்லைத் தேடி ஒரு ஞாயித்துக்கிழமையை வீணடிச்சேன், அப்படி ஒரு ஆளே இல்ல. அப்புறம் ஸ்வீடன்ல 14ம் கார்ல் யோஹான், நார்வேல 3ம் கார்ல் யோஹான், ஒரே ஆள்தான்.

இண்டெக்ஸ் பாக்கும்போது: டேனிஷ்ல ரெண்டு 'ஏ' சேர்ந்து வந்தா அது தனி எழுத்து, அகர வரிசையில கடைசிக்குப் போயிடும். புக்கோட முதல் பக்கத்துல தேடிட்டு இல்லன்னு மூடி வெக்காதீங்க, கடைசிப் பக்கத்தைப் பாருங்க.

5. தேதி: ஒரே சாவு, ரெண்டு நாள்

ஸ்வீடிஷ் ராஜா 12ம் கார்ல் நார்வேல ஃபிரெட்ரிக்ஸ்டென் கோட்டையை முற்றுகை போட்ட இடத்துல குண்டடிபட்டு செத்தார். என் நோட்ல ஒரு பக்கம் 1718 நவம்பர் 30, இன்னொரு பக்கம் 1718 டிசம்பர் 11. ஏதோ ஒண்ணு தப்புன்னு ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சேன். ரெண்டுமே சரி. ஸ்வீடன் பழைய ஜூலியன் காலண்டர், டென்மார்க்-நார்வே புது கிரிகோரியன் காலண்டர்.

மனப்பாடம் பண்ணிக்க வேண்டியது மூணுதான். டென்மார்க்-நார்வேல 1700 பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1, நடுவுல நாளே இல்ல. ஸ்வீடன்ல 1753 பிப்ரவரி 17க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதுக்கு முன்னாடி ஸ்வீடன் மெதுவா மாறலாம்னு 1700ல ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டு, பழையபடி திரும்பறதுக்காக 1712ல பிப்ரவரி 30ன்னு ஒரு நாளையே வெச்சாங்க. அந்தத் தேதியில ஒரு ஞானஸ்நானம் பாத்தா எழுத்துப் பிழைன்னு திருத்திடாதீங்க. கிராம்ப்ஸ்ல தேதி போடற இடத்துல ஸ்வீடிஷ் காலண்டர்னே ஒரு ஆப்ஷன் இருக்கு.

பேப்பர்ல இருக்கற தேதியை அப்படியே எழுதுங்க, மாத்தினதைப் பக்கத்துல எழுதுங்க. அப்புறம் சர்ச் பதிவேட்டுல தேதியே இல்லாம 'திரினிட்டி திருநாளுக்கு அப்புறம் 3வது ஞாயிறு'ன்னு இருக்கும், அந்த வருஷ ஈஸ்டரை வெச்சு கணக்குப் போடணும், அதுக்கு ஆன்லைன்ல அட்டவணை இருக்கு. டேனிஷ்ல 'டி' போட்டு ஒரு புள்ளி இருந்தா செத்தார்னும் இருக்கலாம், வெறும் 'தேதி'ங்கற அர்த்தத்துலயும் இருக்கலாம். நான் ஒருத்தரை அவர் கல்யாணத்தன்னிக்கே சாகடிச்சிருக்கேன்.

6. உறவுமுறையை நேரா தமிழ்ல எழுதுங்க

இதை யாரும் எனக்குச் சொல்லல, நானா கண்டுபிடிச்சதுல ரொம்ப உருப்படியானது இதுதான். எல்லாத்தையும் இங்கிலீஷ் வழியா மொழிபெயர்த்தா 'அங்கிள்', 'கசின்'னு வரும், உங்க மரம் கெட்டுச்சு. டேனிஷ்லயும் ஸ்வீடிஷ்லயும் நம்ம மாதிரியே அப்பா வழி, அம்மா வழி தனித்தனி வார்த்தை. மூர்ப்ரூர்னா தாய்மாமன். ஃபார்ப்ரூர்னா அப்பாவோட அண்ணனோ தம்பியோ. மூஸ்டர்னா அம்மாவோட அக்காவோ தங்கச்சியோ. ஃபாஸ்டர்னா அத்தை. (மொழிபெயர்ப்பு ஆப்ல தானா மொழியைக் கண்டுபிடின்னு விட்டா இதை இங்கிலீஷ்னு நினைச்சு 'இன்னும் வேகமாக'ன்னு குடுக்குது. 'என் இன்னும் வேகமாக எனக்கு அந்த எஸ்டேட்டை எழுதி வைத்தார்'னு படிச்சு அரை மணி நேரம் முழிச்சேன்.) ஃபார்ஃபார், மூர்ஃபார்னா யாழ்ப்பாணத்துக்காரங்க சொல்ற அப்பப்பா, அம்மப்பா, அச்சு அசல்.

தமிழ்ல எழுத ஆரம்பிச்சா இன்னொண்ணு பளிச்சுன்னு தெரியும். 7ம் கிறிஸ்டியன் 1766ல கட்டினது மாமன் மகளை. அவர் பையன் 6ம் ஃபிரெடெரிக் 1790ல கட்டினது அத்தை மகளை. அடுத்து வந்த 8ம் கிறிஸ்டியன் முதல்ல 1806ல கட்டினது, மறுபடியும் மாமன் மகள். நமக்கு இது ஒரு வரியில புரிஞ்சுடும். சாஃப்ட்வேருக்குத்தான் புரியாது, ஒரே ஆளை ரெண்டு தடவை உருவாக்கிடும்.

அதுக்கு மூதாதையர் நம்பர் முறையைக் கத்துக்கோங்க, அஞ்சு நிமிஷ வேலை. உங்க ஆள் 1. யாரோட அப்பாவுக்கும் அந்த நம்பரை ரெண்டால பெருக்கு, அம்மாவுக்கு அதோட ஒண்ணு கூட்டு. 6ம் ஃபிரெடெரிக்கை 1னு வெச்சா, அப்பாவோட அம்மா 5, அவங்க அப்பா 10. அம்மாவோட அப்பா 6, அவரோட அப்பா 12. பத்தும் இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜார்ஜ், பன்னெண்டும் அவரே. இப்படி ரெண்டு நம்பர்ல ஒரு ஆள் வந்தா தப்பு பண்ணிட்டோமோன்னு பயப்பட வேணாம், ராஜ குடும்பத்துல வரலன்னாதான் சந்தேகப்படணும்.

7. ஒரிஜினல் பேப்பர்

உங்க ஆள் சர்ச் பதிவேடு வர்றதுக்கு முந்தின ஆளான்னு முதல்ல பாருங்க. டென்மார்க்ல 1645, 46ல தான் பாதிரியாருங்க பதிவேடு வெக்கணும்னு உத்தரவு, ஸ்வீடன்ல 1686 சர்ச் சட்டம். அதுக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு பிறப்புப் பதிவைத் தேடி நாளை வீணாக்காதீங்க. ராஜ குடும்பத்து ஆளா இருந்தா அவங்களுக்குன்னு தனிப் பதிவேடு உண்டு, ஊர் சர்ச்ல தேடாதீங்க.

பழைய பிரபுக்களுக்கு ரெண்டு நல்ல வழி இருக்கு. ஒண்ணு, சாவுப் பிரசங்கம். 1500, 1600கள்ல பெரிய வீட்டு ஆள் செத்தா பாதிரியார் பேசின பிரசங்கத்தை அச்சடிச்சுடுவாங்க, அதுக்குள்ள பொறந்தது, படிச்சது, ஊர் சுத்தினது, வியாதி, எட்டு இல்ல பதினாறு மூதாதையர் பேர் வரைக்கும் இருக்கும். நம்ம ஊர் நினைவு மலர் மாதிரி, அதனால குணத்தைப் பத்தி சொல்றதை நம்பாதீங்க, பேர் தேதியை மட்டும் எடுத்துக்கோங்க. இன்னொண்ணு கல்லறைக் கல்லு. கல்லோட ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன கேடயம் செதுக்கியிருக்கும், ஒரு பக்கம் அப்பா வழி, மறுபக்கம் அம்மா வழி. படம் கிடைச்சா பெரிசாக்கி கேடயம் கேடயமா ஒப்பிட்டா பாட்டிங்க யாருன்னு தெரிஞ்சுடும்.

கையெழுத்து கோதிக்னு ஒரு பழைய பாணி. டென்மார்க்ல 1875 பக்கம் வரைக்கும் இதைத்தான் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க, அதனால நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின எதுவா இருந்தாலும் இதுல மாட்டுவீங்க. தினம் அரை மணி நேரம், ஆறு வாரம் உக்காந்தா எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். ஒரு வழி சொல்றேன், முதல்ல உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு ராஜா பேர் இருக்கற பக்கத்தை எடுத்து அதுல இருந்து எழுத்தைப் பொறுக்குங்க. டிரான்ஸ்க்ரிபஸ்னு கையெழுத்தைப் படிக்கற மென்பொருள் இருக்கு, கொஞ்சம் பக்கம் இலவசம், அப்புறம் கிரெடிட் வாங்கணும். பேர்லதான் அது அதிகம் தப்பு பண்ணும், நமக்கு வேண்டியதே பேர்தான். இன்னொண்ணு, டேனிஷ் ராஜ குடும்பக் கடிதம்னா டேனிஷ்ல இருக்கும்னு நினைக்காதீங்க, நிறைய ஜெர்மன்ல இருக்கும். பேருக்கு முன்னாடி 'சால்'னு சுருக்கி எழுதியிருந்தா காலஞ்சென்றன்னு அர்த்தம், அது பேரோட பகுதி இல்ல.

8. நேர்ல போறது: விசா, செலவு, நாள்

இலவச வழியெல்லாம் முடிஞ்சு, இன்ன பெட்டியில இன்ன கட்டு வேணும்னு நம்பர் கையில இருந்தா மட்டும் போங்க. டேனிஷ் காப்பகத்துக்கு டெய்சின்னு கேட்டலாக் இருக்கு, அதுல தேடி நம்பர் எடுத்து முன்கூட்டியே ஆர்டர் போடணும். நேர்ல போய் கேட்டா அன்னிக்கே கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க, சில கட்டு வேற ஊர் கிடங்குல இருக்கும். ரெண்டு வாரம் முன்னாடி ஆர்டர், தயார்னு மெயில் வந்த அப்புறம் அந்த வாரத்து பிளான்.

விசா: ஷெங்கன், அதாவது இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான விசா, பெரியவங்களுக்கு 90 யூரோ, இப்ப ரேட்டுல ஒம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது, விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே போடலாம், கடைசி கெடு 15 நாள். முடிவு வர 15 நாள்னு விதி, ஆனா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம், அதனால ரெண்டரை மாசம் முன்னாடி போடுங்க. பாஸ்போர்ட், நீங்க அங்க இருந்து கிளம்பற தேதிக்கு அப்புறமும் மூணு மாசம் செல்லணும், ரெண்டு வெத்துப் பக்கம் வேணும். இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ. பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லீவு லெட்டர், தங்கற இடம், டிக்கெட் புக்கிங், இதெல்லாம் வழக்கம் போல.

எந்த நாட்டுக்குப் போடறதுங்கறதுல நான் சொதப்பினேன். அதிக நாள் எங்க இருப்பீங்களோ அந்த நாட்டுக்குத்தான் போடணும், சமமா இருந்தா முதல்ல எங்க நுழையறீங்களோ அங்க. நான் கோபன்ஹேகன் நாலு நாள், ஸ்டாக்ஹோம் அஞ்சு நாள்னு பிளான் வெச்சுக்கிட்டு டென்மார்க்குக்கு ஃபார்ம் ரெடி பண்ணி, கடைசி நிமிஷத்துல கவனிச்சு பிளானையே திருப்பிப் போட்டேன். எதுக்குப் போறீங்கன்னு ஒரு பக்கத்துல கவரிங் லெட்டர் வைங்க, ஆவணக் காப்பகத்துல ஆர்டர் போட்ட மெயிலையும் சேர்த்து வெச்சா கேள்வி குறையும்.

யூரோ மாத்திக்கிட்டுப் போகாதீங்க. டென்மார்க்ல டேனிஷ் குரோனர், ஸ்வீடன்ல ஸ்வீடிஷ் குரோனர், ரெண்டும் வேற, மதிப்பும் வேற. கார்டு போதும், நான் மாத்தின யூரோ அப்படியே திரும்பி வந்துச்சு, ரெண்டு தடவை கமிஷன் போனதுதான் மிச்சம்.

ஜூலை வேணாம். பாதி நாடு லீவுல இருக்கும், வாசிப்பு அறை நேரம் குறையும், மெயிலுக்குப் பதில் ஆகஸ்ட்லதான். செப்டம்பர் பெஸ்ட்.

வாசிப்பு அறைக்குள்ள பை, தண்ணி பாட்டில், பேனா எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, பென்சில் மட்டும். ஃபிளாஷ் இல்லாம மொபைல்ல படம் எடுக்கலாமான்னு கவுன்டர்ல கேட்டுட்டு எடுங்க.

ராஜ குடும்பத்தோட சொந்தக் காகிதங்கள் வேற கதை. ஸ்டாக்ஹோம்ல பெர்னடோட் (ஸ்வீடனோட இப்போதைய ராஜ குடும்பம்) ஆவணங்களுக்கும் கோபன்ஹேகன்ல அரச குடும்ப ஆவணங்களுக்கும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கணும். எது வேணும், எதுக்கு வேணும்னு குறிப்பா எழுதுங்க, விசாவுக்கு முன்னாடியே எழுதுங்க. தனிமனுஷங்களைப் பத்தின சென்சிட்டிவ் பேப்பர்னா டென்மார்க்ல 75 வருஷம், ஸ்வீடன்ல 70 வருஷம் வரைக்கும் மூடி வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள வர்றதை முதல்லயே லிஸ்ட்ல இருந்து அடிச்சுடுங்க. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ் ராஜாவுக்கு அனுப்பின பொன் ஓலை கோபன்ஹேகன்ல இருக்கு, அதைப் பாக்கணும்னு ஆசை இருந்தாலும் இதே மாதிரி தனியா எழுதிக் கேளுங்க, அந்த மாதிரி சாமான் சாதாரண ஆர்டர்ல மேஜைக்கு வராது.

ஒரு நாளை ரோஸ்கில்ட கதீட்ரலுக்கு ஒதுக்குங்க, கோபன்ஹேகன்ல இருந்து ட்ரெயின்ல அரை மணி நேரம்கூட ஆகாது, டேனிஷ் ராஜா ராணிங்க நாப்பது பேர் பக்கம் அங்க இருக்காங்க, கல்லுல இருக்கற தேதியை உங்க நோட்டோட ஒப்பிடலாம். கல்யாணம், ஆராதனை இருந்தா மூடிடுவாங்க, காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க காலண்டரைப் பாருங்க. ஸ்டாக்ஹோம்ல ஸ்வீடிஷ் ராஜாக்களைப் புதைச்ச ரிட்டார்ஹோல்மென் சர்ச், ஆனா ஸ்வீடன் ராணி கிறிஸ்டினாவை அங்க தேடாதீங்க, அவங்க வாட்டிகன்ல இருக்காங்க. ரிட்டார்ஹூஸெட் மாளிகைச் சுவர்ல 2,300க்கு மேல குடும்பக் கேடயம் மாட்டியிருக்கு, பொதுமக்களுக்கு வாரநாள்ல கொஞ்ச நேரம்தான் திறக்கும், உங்க குடும்பத்தோட நம்பரைக் கையில எழுதிக்கிட்டுப் போங்க, இல்லன்னா கழுத்து வலிதான்.

படம் எடுத்த உடனே அங்கயே உக்காந்து ஃபைலுக்குப் பெட்டி நம்பர், கட்டு நம்பர், பக்கம் போட்டு பேர் வைங்க. நான் ஊருக்கு வந்து பாத்துக்கலாம்னு விட்டேன். 412 படம், எது எந்தப் பெட்டின்னு இன்னும் பிரிச்சு முடியல.